உஷார்! ரிசல்ட் வந்த பிறகு ஓடத் தொடங்கினால் கால் எலும்பு தாங்காது

போலீஸ், ராணுவம், வனத்துறை வேலைக்குத் தயாராகும் தருமபுரி மாவட்டத்துத் தம்பி, தங்கைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

எழுத்துத் தேர்வு ரிசல்ட் வந்த மறுநாள் காலையே கிரவுண்டு நிறைந்துவிடுகிறது. தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று எந்த ஊராக இருந்தாலும் கதை ஒன்றுதான். மாதக்கணக்கில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த பையன் ஒரே வாரத்தில் தினம் எட்டு கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறான். இரண்டாவது வாரம் மூச்சு பழகிவிடுகிறது. ஸ்டாப்வாட்ச்சும் நல்ல சேதி சொல்கிறது. “இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்” என்று தெம்பு வருகிறது. மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பில் ஒரு குடைச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறான். பிசிக்கல் தேதிக்கு நாலு நாள் இருக்கும்போது காலை ஊன்ற முடியவில்லை.

யாரும் கண்ணு வைத்ததால் வந்த வினை இல்லை இது. எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடக்கூடிய காயம். தடுக்கவும் முடியும். ஆனால் தடுப்பதற்கான வேலையை, அதாவது தசைப் பலப் பயிற்சியை, ரிசல்ட்டுக்குப் பிறகு தொடங்கினால், அந்த வேலையே காயத்தைக் கூட்டிவிடும். உஷாராக வேண்டியது அங்கேதான்.

தேர்வில் என்ன கேட்கிறார்கள்?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. அதில் தேறினால் ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். வனக்காப்பாளர் வேலைக்கு ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டரும், பெண்கள் அதே நேரத்தில் 16 கிலோமீட்டரும் நடக்க வேண்டும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தோடு கம்பியில் தொங்கி எழும் புல்-அப்ஸ்.

மூன்று துறையும் மூச்சை மட்டும் சோதிக்கவில்லை. தோள், முதுகு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றின் பலத்தையும் சேர்த்தே சோதிக்கின்றன. நம் கிரவுண்டுகளில் நடப்பதோ ஓட்டம், ஓட்டம், மறுபடி ஓட்டம்.

மூன்றாவது வாரத்தில் ஏன் வலி?

புதிதாக ஓடுகிறவருக்கு மூச்சும் இதயமும் இரண்டு மூன்று வாரத்தில் தேறிவிடும். எலும்பு அப்படித் தேறாது. புதுச் சுமை விழுந்ததும் எலும்பு முதலில் தன்னுடைய பழைய பகுதியை அரித்து எடுக்கும். பிறகுதான் புதிதாகக் கட்டும். அரிக்கிற வேலைக்குச் சுமார் மூன்று வாரம், கட்டி இறுக்குகிற வேலைக்குச் சுமார் மூன்று மாதம். பழைய ரோட்டைக் கொத்திப் போட்டுவிட்டு, தார் ஊற்றுவதற்கு முன்னால் லோடு லாரியை விட்டால் என்ன ஆகுமோ அதுதான் மூன்றாவது, நான்காவது வாரத்தில் காலுக்குள் நடக்கிறது. மூச்சு ‘ஓடு’ என்கிற அதே வாரங்களில்தான் எலும்பு மிகவும் பலவீனமாக இருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. 1855-ல் பிரஷ்யப் படையின் மருத்துவர் பிரைட்ஹவுப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். அந்த வலிக்குக் காரணம் பாத எலும்பில் விழுந்த கீறல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகு தெரிந்தது. இஸ்ரேல் ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 295 பேரைப் பயிற்சிக்காலம் முழுக்கக் கவனித்து 1985-ல் வெளியிட்ட ஆய்வில், 31 சதவீதம் பேருக்கு இத்தகைய எலும்புக் கீறல் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட வாலிபர்களிலேயே கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர்!

கணக்கையும் பாருங்கள். 1,500 மீட்டர் ஓட சுமார் 1,200 தடவை கால் தரையில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வரும். கெண்டைக்காலின் உள்தசை மட்டும் உடல் எடையைப் போல் ஆறு முதல் எட்டு மடங்கு சுமையை இழுத்துப் பிடிக்கிறது. அந்தத் தசை சோர்ந்து போனால் மிச்சச் சுமை நேராக எலும்பில் போய் விழும். தினம் எட்டு கிலோமீட்டர் என்றால் ஆயிரக்கணக்கான அடி.

“வெயிட் தூக்கினா ஓட்டம் போயிடும்” – இது பொய்

எல்லாக் கிரவுண்டிலும் கேட்கிற பேச்சு இது. உடம்பு இறுகிவிடும், கால் கனத்துவிடும் என்பார்கள். 1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற உடலியல் ஆய்வாளர், எடைப் பயிற்சியையும் தாங்குதிறன் பயிற்சியையும் பத்து வாரம் சேர்த்துச் செய்யவைத்துப் பார்த்தார். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத் தசை பலத்தின் வளர்ச்சிதான் பின்வாரங்களில் தடைப்பட்டது. தாங்குதிறன் குறையவில்லை.

1999-ல் பின்லாந்தில் பாவோலைனன் குழு, தேர்ந்த ஓட்டக்காரர்களுக்கு ஒன்பது வாரம் தாண்டல், குதிப்பு, வேகமான எடைப் பயிற்சி கொடுத்தது. மூச்சுத்திறன் கூடவில்லை, ஆனால் 5 கிலோமீட்டர் ஓட்ட நேரம் குறைந்தது. அதே வேகத்தில் ஓட முன்பைவிடக் குறைந்த பிராணவாயு போதுமானதாக இருந்தது. இதில் முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. அவர்கள் மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டவில்லை. ஓட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தார்கள். நம் பையன்கள் ஓடுகிற எட்டு கிலோமீட்டரில் ஒன்றைக்கூடக் குறைக்காமல், அதன் தலையில் ஜிம்மையும் ஏற்றி வைக்கிறார்கள்.

காயத் தடுப்பிலும் இதே சேதிதான். 25 ஆய்வுகளையும் 26,610 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த 2014-ம் ஆண்டு அறிக்கை, தசைப் பலப் பயிற்சி விளையாட்டுக் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்ததாகச் சொன்னது. நாம் தினமும் பத்து நிமிடம் செய்கிற ஸ்ட்ரெச்சிங்குக்கு அப்படி ஒரு காப்பு இருப்பதாக அதில் தெரியவில்லை.

தருமபுரிக்காரர்களுக்குத் தனி உஷார்

நம் மாவட்டத்தில் பிறந்தவர்கள் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம்முடைய பல ஊர் போர்வெல்களில் அளவு இதைத் தாண்டியதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2008-ல் அடிக்கல், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன், 2013-ல் தொடக்கம். திட்டத்தின் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு’ என்பது சேர்ந்திருக்கிறது.

ஓடுகிறவருக்கு இதில் என்ன? இரண்டு விஷயம்.

ஒன்று, அவர் குடிக்கிற தண்ணீரின் அளவு. சாதாரணமாக இரண்டு லிட்டர் குடிக்கிறவர் வெயில் காலப் பயிற்சியில் ஐந்து லிட்டர் குடிப்பார். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள போர் தண்ணீரானால் நாளுக்கு 10 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ளே போகிறது. நாளொன்றுக்கு மொத்தம் 6 மில்லிகிராமைத் தாண்டினாலே எலும்புப் பாதிப்புக்கான தடயம் இருக்கிறது என்றும், 14 மில்லிகிராமில் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இரண்டு, ஃபுளோரைடு ஏறிய எலும்பு பார்வைக்குத் தடிமனாகத் தெரியும். பலம் அந்த அளவுக்கு இருக்காது. 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிகிச்சை ஆய்வில், எலும்புத் தேய்வு இருந்த 202 வயதான பெண்களில் ஒரு பாதிக்கு நாலு வருடம் அதிக அளவு ஃபுளோரைடு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆனால் முதுகெலும்பு அல்லாத மற்ற எலும்புகளில் முறிவும் கீறலும் மருந்து எடுக்காதவர்களைவிட 3.2 மடங்கு அதிகம். பலருக்குக் காலில் வலி வந்தது. காரணம் எலும்புக் கீறல். அவர்கள் வயதானவர்கள், மருந்தின் அளவும் நம் தண்ணீரில் இருப்பதைவிடப் பெரிது. ஆனாலும் எச்சரிக்கைக்கு இது போதும்: பல்லில் கறையும், மூட்டில் காலை நேரப் பிடிப்பும் உள்ளவர் கிலோமீட்டரை ஏற்றுவதில் மற்றவரைவிட நிதானமாக இருக்க வேண்டும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர். கிரவுண்டுக்கு எடுத்துப் போகிற பாட்டிலிலும் அதே தண்ணீர்.

தண்டனைத் தோப்புக்கரணமும் ஜிம் ஊசியும்

“லேட்டா வந்தியா? போடு முந்நூறு தோப்புக்கரணம்” என்கிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழக்கமில்லாத உடம்பில் முதல் நாளே நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணமோ பஸ்கியோ போட்டால் தொடைத் தசை சிதைந்து, அதன் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். அடுத்த ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது உடம்புச் சூடு அல்ல. மோரும் இளநீரும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை; உடனே ஆஸ்பத்திரி. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போகக்கூடிய ஆபத்து அது.

அடுத்தது ஊசி. “ரெண்டு மாசத்துல ஸ்ட்ரெங்த் வரணுமா, ஒரு கோர்ஸ் போடு” என்று காதோரம் சொல்கிற ஆள் எந்த ஊரிலும் கிடைப்பான். மெஃபென்டெர்மின் என்பது ஆபரேஷன் மேசையில் ரத்த அழுத்தம் விழுந்தவருக்கு மருத்துவர் போடுகிற மருந்து. அதைக் களைப்புத் தெரியாமல் இருப்பதற்காக ஓடும் முன் ஏற்றிக்கொண்டால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், அழுத்தம் எகிறும், அடிமைப்படுத்தும், மனத்தையும் கலக்கும். நாண்ட்ரோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஆணுக்கு விதையைச் சுருக்கும், பெண்ணுக்குக் குரலை மாற்றும், இருவருக்கும் இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும்.

திருச்சி முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹா ஆசிய தடகளத்தில் 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வென்றபோது தமிழ்நாடே கொண்டாடியது. பரிசோதனையில் நாண்ட்ரோலோன் தடயம் வந்தது. தான் எதையும் எடுக்கவில்லை என்று அவர் சொல்லியும் நாலு வருடத் தடை, பதக்கமும் போனது. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு விளையாட்டு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. 2023-ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-ல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது என்கிறது உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை. பெயர் தெரியாத டப்பாவில் வருகிற புரதப் பொடியும் இந்த வலையில்தான் சேர்த்தி.

மகள் ஓடுகிறாளா? அம்மா கவனிக்க வேண்டியது

காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ஓடி, வந்ததும் “எடை குறையணும்” என்று அரைவயிறு சாப்பிடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்று போகலாம். “ஓடுற பிள்ளைக்கு அப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்கு எரிபொருள் போதவில்லை, எலும்பு கரையத் தொடங்கிவிட்டது என்பதற்கான அபாய மணி அது. மூன்று மாதம் வரவில்லையென்றால் ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த 5,201 பெண்களிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் எடுத்தவர்களுக்கு எலும்புக் கீறல் 20 சதவீதம் குறைந்தது. கால்சியத்துக்கு நாம் கடையைத் தேட வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் 2023-ல் தொடங்கியது. களி, கீரைக் கடைசல், கொள்ளு, வேர்க்கடலை, முட்டை. பாட்டி சாப்பிட்டதையே பேத்தியும் சாப்பிட்டால் போதும்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் நிறுத்துங்கள்

வலி எங்கே என்று கேட்டால், கை முழுவதையும் வைத்துக் கீழ்க்காலின் உள்விளிம்பு நெடுகக் காட்டினால் அது பெரும்பாலும் ‘ஷின் ஸ்ப்ளின்ட்’. ஓட்டத்தைக் குறைத்து, பலப் பயிற்சி செய்தால் ஆறும். ஒற்றை விரலை வைத்து ‘இங்கேதான்’ என்று ஒரே புள்ளியைக் காட்டினால் கீறலாக இருக்கலாம். அந்தக் காலில் ஒரு தடவை நொண்டிக் குதிக்கும்போதே சுள்ளென்று வலித்தாலும், படுத்திருக்கும்போதே இரவில் குடைந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்த வேண்டும்.

இன்னும் பெரிய ஆபத்து இடுப்பில். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில், அதாவது கவட்டையில், ஓடும்போது வலி வந்து நின்றால் போகிறதா? தொடை எலும்பின் கழுத்தில் கீறல் இருக்கலாம். அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஓடினால் எலும்பு இரண்டாக விலகி, ஆபரேஷன் வரை போகும். வாழ்நாள் முழுக்க நொண்ட வைக்கும். இந்த வலிக்கு ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் மறுபடி கிரவுண்டுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் கீறல் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம், “இத்தனை வாரமாக ஓடுகிறேன், இந்தப் புள்ளியில் வலி” என்று தெளிவாகச் சொல்லுங்கள். எண்ணெய் போட்டு நீவுவதும், டைக்லோஃபெனாக் ஊசி போட்டுக்கொண்டு ஓடுவதும் வேண்டாம். ஊசி வலியை மறைக்கும், கீறலை மறைக்காது. வியர்த்து நீர்ச்சத்து குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்துக்கும் கேடு.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

பலப் பயிற்சியை எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே தொடங்குங்கள். பிசிக்கலுக்குக் குறைந்தது நாலு மாதம் முன்னால். வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது நிமிடம். ஜிம் கட்டாயமில்லை.

முதல் மாதம் உடல் எடை மட்டும்: ஸ்குவாட், படிக்கட்டில் ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்குதல், பிளாங்க், கம்பியில் தொங்குதல். இவற்றோடு கெண்டைக்காலுக்கு ஒரு பயிற்சி. படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குங்கள். முழங்காலை நீட்டி ஒரு செட், லேசாக மடக்கி ஒரு செட். ஒவ்வொரு காலிலும் நிற்காமல் 25 வராதவர் வேக ஓட்டத்துக்கு இன்னும் தயாராகவில்லை.

இரண்டாவது மாதம் பத்து கிலோ அரிசிப் பையையோ, மணல் மூட்டையையோ மார்போடு அணைத்து ஸ்குவாட். எட்டு முதல் பத்து வீதம் மூன்று செட். மூன்றாவது மாதம் எடையைக் கூட்டி எண்ணிக்கையை ஐந்து, ஆறாகக் குறைக்கலாம். முதுகு வளையாமல் தூக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கயிறும் புல்-அப்ஸும் இதே நாட்களில். கடைசிப் பத்து நாள் எடையைப் பாதியாக்குங்கள்.

ஓட்டத்தில் ஒரு விதி: மூன்று வாரம் மெல்ல ஏற்றினால் நான்காவது வாரம் பாதியாக இறக்குங்கள். எலும்பு அரிபட்டு நிற்கிற வாரம் அது. வேக ஓட்டமும் எடையும் ஒரே நாளில் காலை, மாலையாக வரட்டும். மறுநாள் ஓய்வோ நடையோ. எடையைச் சேர்க்கிற வாரத்தில் ஓட்டத்தைக் கட்டாயம் குறையுங்கள்.

ரிசல்ட் வந்து ஒரு மாதம்தான் இருக்கிறது, இதுவரை எதையும் தொடவில்லை என்பவர் புதிதாகக் கனமான எடையைத் தொட வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடி, நடுநாளில் உடல் எடைப் பயிற்சி மட்டும் செய்யுங்கள்.

பயிற்சியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கிரவுண்டுக்கு வந்த முதல் நாள் எத்தனை நிமிடத்தில் ஓடுகிறான் என்று பார்ப்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள்: வீட்டில் எந்தத் தண்ணீர்? காலையில் என்ன சாப்பிட்டாய்? கடைசியாக ஓடி எத்தனை நாள் ஆச்சு? எங்கேயாவது வலிக்குதா?

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் என்றால் கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 விநாடி. ஆரோக்கியமான இருபது வயதுக்காரருக்கு நாலு மாதப் பயிற்சியில் எட்டிவிடக்கூடிய வேகம். நாலு வாரத்தில் எட்டப் பார்ப்பதுதான் காலை ஒடிக்கிறது. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிற அன்று மாலையே படியில் ஏறி நின்று குதிகாலைத் தூக்கத் தொடங்குங்கள், தம்பி. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள்.